பழைய மெக்கானிக்கல் கீபோர்டு: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

பரணிலிருந்து இறக்கிய கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துச் சுகம் இதில் இல்லையே" என்று ஓரங்கட்டிவிடாதீர்கள். தட்டும் சுகம் என்பது ஸ்பிரிங்கின் மடிப்பு, ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் சொடுக்கு, கீகேப்பின் (எழுத்து பொறித்த மேல்மூடி) கனம், அடித்தட்டின் இறுக்கம் எல்லாம் சேர்ந்து வருவது. இதில் எது கெட்டது என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கண்டுபிடிக்காமல் எண்ணெய் ஊற்றினால் மிச்சமிருக்கும் சுகமும் போய்விடும்.

தேவையானவை: மல்டிமீட்டர், கம்பியாலான கீகேப் புல்லர் (பிளாஸ்டிக் வளையப் புல்லர் கீகேப்பின் பக்கங்களைக் கீறும்), 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஊதும் பம்ப், சாலிடர் அயன், 60/40 ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்ப். எல்லாமே பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் கிடைக்கும்.

முதலில்: உள்ளே இருப்பது எது?

ஒரு கீகேப்பைக் கழற்றிப் பாருங்கள். கூட்டல் குறி போன்ற தண்டு தெரிந்தால் செர்ரி எம்எக்ஸ் வகை. நம் ஊர் அலுவலகங்களிலும் டிடிபி சென்டர்களிலும் புழங்கிய டிவிஎஸ் கோல்டில் இருப்பது இதன் புளூ ரகம். தண்டுக்குப் பதில் குறுகிய செவ்வகப் பள்ளம் இருந்தால் ஆல்ப்ஸ். 1987-இல் வந்த ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டு, டெல் ஏடி101 போன்றவை இந்த ரகம். குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங் தலைநீட்டினால் ஐபிஎம்: 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த மாடல் எஃப், அல்லது 1985-இலிருந்து பரவலான மாடல் எம். ரப்பர் குமிழ் தெரிந்தால் அது மெக்கானிக்கலே இல்லை, கீழே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

ஆல்ப்ஸ் கீகேப்பை நேர் மேலாக மட்டுமே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டி எடுத்தால் ஸ்லைடரின் (கீகேப் உட்கார்ந்து மேலும் கீழும் நகரும் துண்டு) காது உடையும். அதற்குப் புது உதிரி கிடைப்பது பெரும்பாடு.

கணினி கீபோர்டைக் கண்டுகொள்ளவே இல்லை

பச்சை அல்லது ஊதா நிறக் குட்டி அடாப்டர் போட்டு பிஎஸ்/2-வை (பழைய சின்ன வட்டப் பிளக்) யுஎஸ்பியில் செருகியிருந்தால், காரணம் அநேகமாக அதுதான். அந்த அடாப்டருக்குள் வெறும் கம்பி மட்டுமே உண்டு. இரண்டு மொழியும் பேசத் தெரிந்த சிப் உள்ள பிற்காலக் கீபோர்டுகளுக்கே அது உதவும். பழைய கீபோர்டுக்கு உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். பழைய மாடல் எம் மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். மலிவான கன்வெர்ட்டரை யுஎஸ்பி ஹப்பில் செருகினால் விட்டுவிட்டு வேலை செய்யும். நேராகக் கணினியின் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

பெரிய வட்ட ஐந்து முனை டின் பிளக் என்றால் இன்னொரு சிக்கல். எக்ஸ்டி, ஏடி என்ற இரண்டு பழைய ஐபிஎம் கணினி ரகங்களுக்கும் ஒரே பிளக்தான், ஆனால் அனுப்பும் குறியீடு வேறு. ஏடி ரகத்துக்கு டின்னிலிருந்து பிஎஸ்/2-க்கு மாற்றும் சாதாரண அடாப்டர் போதும். எக்ஸ்டி ரகத்துக்கு அது பலிக்காது. ஏடிமெகா32யு4 சிப் உள்ள சின்னப் போர்டில் திறமூலக் கன்வெர்ட்டர் ஃபர்ம்வேரை (சிப்பை இயக்கும் மென்பொருள்) ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். சில கீபோர்டுகளின் அடியில் எக்ஸ்டி/ஏடி என்று ஒரு நழுவு சுவிட்ச் இருக்கும். எதையும் வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். ஆர்ஜே-45 பிளக்கோடு வரும் மாடல் எம் பெரிய கணினிகளின் டெர்மினலுக்குச் செய்தது. அதற்கும் ஃபர்ம்வேர் கன்வெர்ட்டரே வழி.

மின்சாரம் போகிறதா என்று அறிய மூன்று விளக்கைப் பாருங்கள். விளக்குள்ள மாடல் எம், மின்சாரம் வந்ததும் மூன்றையும் ஒருமுறை மின்னி அணைக்கும். மின்னவே இல்லை என்றால் 5 வோல்ட் வரவில்லை. மின்னியும் எழுத்து வரவில்லை என்றால் டேட்டா அல்லது கிளாக் கம்பியில் கோளாறு, இல்லாவிட்டால் கன்வெர்ட்டர் பொருந்தவில்லை. டின் பிளக்கில் 1 கிளாக், 2 டேட்டா, 4 கிரவுண்ட், 5 வோல்டேஜ். பிஎஸ்/2-வில் 1 டேட்டா, 3 கிரவுண்ட், 4 வோல்டேஜ், 5 கிளாக். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, கேபிளை அசைத்துக்கொண்டே பாருங்கள். பெரும்பாலும் பிளக்கை ஒட்டிய இரண்டு அங்குலத்துக்குள்தான் கம்பி அறுந்திருக்கும்.

கணினி ஓடும்போது பிஎஸ்/2-வைப் பிடுங்கிச் செருகாதீர்கள். யுஎஸ்பி பழக்கத்தில் கை தானாகப் போகும்; போர்டின் ஃபியூஸ் போனால் கீபோர்டின் மேல் பழி விழும்.

ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழுகிறது

சுவிட்சின் தொடுமுனைகளில் படலம் படிந்து, ஒரு தட்டுக்குத் தொடர்பு இரண்டு முறை ஏற்படுவதால் வருவது இது. ஆங்கிலத்தில் அடித்தால் உடனே கண்ணில் படும். தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பவர்களுக்கு இது பொல்லாதது. ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும் என்பதால், இரட்டித்த 'க', 'கக' என்று காட்டிக்கொடுக்காமல் 'க்க' ஆகிறது. 'ட' விழும் ஆங்கில 'O' கீ இரட்டித்தால் 'படு' என்றது 'பட்டு' ஆகும், 'பாடு' என்றது 'பாட்டு' ஆகும். எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள். பிழைதிருத்திக்கு எதுவும் தெரியாது. ஆகவே சோதனையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு கீயையும் நிதானமாக முப்பது தடவை தட்டி, எண்ணிக்கை கூடுகிறதா என்று பாருங்கள். மெதுவாக அழுத்தினாலும் வருகிறதா என்று தனியே பார்ப்பது நல்லது.

செர்ரி சுவிட்சுக்குச் சிகிச்சை இது. கேபிளைக் கழற்றுங்கள். கீகேப்பை எடுத்துத் தண்டை அழுத்திப் பிடித்தபடி, தண்டின் ஓர இடுக்கில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விடுங்கள். நூறு தடவை வேகமாகத் தட்டுங்கள். கீபோர்டைக் கவிழ்த்து ஊதுங்கள். அரை மணி நேரம் காயவிட்டுச் சோதியுங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை செய்யலாம். மூன்றாவது முறைக்கும் மசியாத சுவிட்ச் அநேகமாகத் திருந்தாது.

வீட்டில் இருக்கிறதே என்று ஹேண்ட் சானிடைசரை விட வேண்டாம், அதில் கிளிசரின் உண்டு. நகப்பூச்சு நீக்கியில் அசிட்டோன் இருந்தால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் உருகும். கீல்களுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே முதல் நாள் அற்புதமாக இருக்கும், பிறகு தூசியை இழுத்துப் பிடித்துச் சேறாக்கும்.

சுவிட்சை மாற்றுவதற்கு முன் அடியிலுள்ள ஈயப்பற்றையும் பாருங்கள். கீயைப் பக்கவாட்டில் தள்ளும்போது கோளாறு கூடிக் குறைந்தால் பற்று விரிசல் விட்டிருக்கிறது. அயனை 350 டிகிரியில் வைத்து, கொஞ்சம் புது ஈயம் சேர்த்து இரண்டு மூன்று விநாடி சூடு காட்டினால் போதும். அதற்கு மேல் வைத்தால் பழைய போர்டின் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் சுவிட்சைக் கழற்றி அங்கே வையுங்கள். அதே வயது, அதே ஸ்பிரிங் என்பதால் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. புது சுவிட்சை ஸ்க்ரோல் லாக்கில் போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸின் ஃபில்டர் கீஸ் வசதியில் இரட்டைத் தட்டலைத் தள்ளிவிடச் சொல்லலாம். ஆனால் அதன் மிகக் குறைந்த இடைவெளியே அரை விநாடி. நீங்கள் வேண்டுமென்றே அடிக்கும் 'க்க', 'ட்ட' எல்லாம் ஒற்றையாகிவிடும். தமிழ் அடிப்பவருக்கு அது மருந்தாகாது.

வேகமாக இரண்டு தட்டினால் ஒன்றுதான் விழுகிறது

எம்எக்ஸ் புளூவில் இது பழுதல்ல, அதன் அமைப்பு. 2.2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்து விழும்; அடுத்த எழுத்துக்குத் தயாராக, விழுந்த இடத்தைவிட இன்னும் மேலே ஏற வேண்டும். விரலைப் பாதி தூக்கி மறுபடி தட்டினால் இரண்டாவது பதிவாகாது. 'அக்கா'வை 'அகா' என்று அடிப்பவர்கள் விரலை முழுதாக உயர்த்திப் பழக வேண்டியதுதான். மாடல் எம்மில் சத்தமும் எழுத்தும் ஒரே நொடியில் வருவதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பலர் அதைக் கொண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தம் வருகிறது, எழுத்து வரவில்லை (மாடல் எம்)

கீபோர்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே துணுக்குகள் உருண்டால் பிளாஸ்டிக் ஆணிகளின் தலைகள் உடைந்திருக்கின்றன. மாடல் எம்மில் ஸ்பிரிங் குழாய்கள் உள்ள பிளாஸ்டிக் தட்டும், பின்பக்கம் வளைந்த இரும்புத் தட்டும், நடுவில் இருக்கும் மெம்பிரேனும் (மின்தடங்கள் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள்) இந்த ஆணிகளால்தான் சேர்ந்து நிற்கின்றன. பிளாஸ்டிக் காய்ந்து தலைகள் தெறிக்கத் தெறிக்கத் தட்டுகள் விலகும். ஸ்பிரிங் மடியும், அதன் அடியிலுள்ள சுத்தியல் போன்ற பிளாஸ்டிக் துண்டு அடிக்கும், ஆனால் மெம்பிரேனை அழுத்த வலு போதாது. சுகம் குறைவதும் இங்கேதான்: இறுக்கமாக வெடிக்க வேண்டிய சொடுக்கு, பஞ்சில் அடித்தது போல் அமுங்கும்.

திறக்க 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் வேண்டும். துளை ஆழமானது என்பதால் மெல்லிய சுவருள்ள குழாய் டிரைவராகப் பார்த்து வாங்குங்கள். தடித்தது உள்ளே போகாது. நான்கு திருகுகள்தான்.

உடைந்தது ஐந்தாறு, அதுவும் சிதறி இருக்கிறது, எல்லா எழுத்தும் வருகிறது என்றால் துணுக்குகளைக் கொட்டிவிட்டு மூடிவிடுங்கள். ஒரே பகுதியில் வரிசையாக உடைந்திருந்தால் முழு வேலை செய்வதே மேல். பாதிப் பகுதிக்கு மட்டும் போல்ட் போட்டால் மீதி ஆணிகளின் மேல் சுமை ஏறி அவையும் தெறிக்கும்.

முழு வேலைக்கு எம்2 அளவில் 8 மில்லிமீட்டர் நீளப் போல்ட்டும் நட்டும் அறுபது வாங்கிக்கொள்ளுங்கள். கீகேப்புகளைக் கழற்றுங்கள். தொகுதியைக் குழாய்ப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்தே வேலை செய்யுங்கள். நிமிர்த்தினால் ஸ்பிரிங்குகளும் அந்தச் சுத்தியல்களும் சிதறும். மிச்சமிருக்கும் ஆணித் தலைகளைக் கூரிய உளியால் செதுக்கி, இரும்புத் தட்டைத் தூக்குங்கள். மெம்பிரேனை மடிக்காமல் எடுங்கள். குழாய்த் தட்டில் தெரியும் ஒவ்வொரு ஆணிக் குற்றியின் நடுவிலும் சூடான ஊசியால் சிறு குழி வைத்து, 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர் பிட்டால், கையால் சுற்றும் டிரில்லில் துளையிடுங்கள். மின்சார டிரில் வேகத்தில் பிளாஸ்டிக் உருகித் துளை கோணும். கோணிய துளை அடுத்த குழாயில் முட்டினால் அந்தக் கீயின் ஸ்பிரிங் உரசும்.

மெம்பிரேனை ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, பழைய வரிசை மாறாமல் அடுக்குங்கள். போல்ட்டின் தலை குழாய்ப் பக்கம், நட்டு இரும்புப் பக்கம். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். முதல் சுற்றில் எல்லாவற்றையும் விரலால் மட்டும், இரண்டாம் சுற்றில் கால் திருப்பம். கடைசி வரிசையில் சில இடங்களில் போல்ட் தலை கீகேப்பில் இடிக்கும். அங்கே தலையை அரத்தால் தேய்க்கலாம், அல்லது அந்த ஒன்றிரண்டை விட்டுவிடலாம். அதிகம் முறுக்கினால் எழுத்து தானாகவே விழத் தொடங்கும். கேஸை மூடும் முன் எல்லாக் கீயையும் சோதித்துவிடுங்கள்.

ஒரே ஒரு கீ மட்டும் சத்தமே இல்லாமல் தொய்வாக இறங்கினால் ஆணிகளைத் தொட வேண்டாம், ஸ்பிரிங் கீகேப்பில் சரியாக உட்காரவில்லை. கீகேப்பைக் கழற்றுங்கள். ஸ்பேஸ்பார் மேலே வரும்படி கீபோர்டைச் செங்குத்தாக நிறுத்தி, நேராக மாட்டுங்கள். படுக்க வைத்து மாட்டினால் ஸ்பிரிங் சாய்ந்து மறுபடி தவறும்.

தட்டிய பின் 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம் தொடர்வது பழுதல்ல. பிடிக்காதவர்கள் பல் இடுக்கு நூலில் இரண்டு அங்குலத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்குள்ளும் செருகலாம். அந்த ரீங்காரத்துக்காகவே இதை வைத்திருப்பவர்களும் உண்டு. முதலில் ஒரு வரிசைக்கு மட்டும் செய்து கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மணல் உரசுவது போல் இறங்குகிறது

இது ஆல்ப்ஸின் தனி நோய். ஸ்லைடருக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி குறைவு, தூசி புகுந்தால் பிளாஸ்டிக்கையே அரைக்கும். மெட்ரோ பணியும் கட்டட வேலையும் ஓயாத ஊரில், மூடாமல் வைத்த ஆல்ப்ஸ் கீபோர்டு சீக்கிரம் கெடும்.

மேல் மூடியின் இரு கொக்கிகளையும் இரண்டு மெல்லிய முனைகளால் ஒரே சமயத்தில் நெம்பினால், ஈயத்தைத் தொடாமலே சுவிட்சைத் திறக்கலாம். ஸ்லைடரையும் மேல் மூடியையும் மட்டும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். தொடுமுனை உள்ள அடிப்பகுதியில் தண்ணீர் வேண்டாம், ஊதிவிட்டால் போதும். பிறகு ஸ்லைடரின் பக்கங்களில் உலர் டெஃப்லான் மசகை மிக மெல்லிசாகப் பூசலாம். சொடுக்குத் தகட்டில் ஒரு துளிகூடப் படக் கூடாது. பட்டால் சத்தம் செத்துவிடும். பக்கங்கள் பளபளவென்று தேய்ந்திருந்தால் எந்த மசகும் பழைய வழுவழுப்பைத் தராது. அந்த சுவிட்சுகளை எண் பகுதிக்கு அனுப்பிவிட்டு, அங்கிருக்கும் நல்லவற்றை நடு வரிசைக்குக் கொண்டுவாருங்கள்.

'டிக்' மந்தமாகிவிட்டது (எம்எக்ஸ் புளூ)

புளூவின் தண்டு இரண்டு துண்டு. வெள்ளைத் துண்டு ஓர் எல்லை தாண்டியதும் துள்ளி விழுவதால்தான் 'டிக்'. அது துள்ளாமல் போனால் பிசுக்கு சேர்ந்திருக்கிறது: சர்க்கரை, அல்லது முன்பு யாரோ அன்பாகப் பூசிய கிரீஸ். ஆல்கஹால் வைத்தியம் இதற்கும் பலிக்கும். கிரீஸ் என்றால் ஈயத்தை எடுத்து, சுவிட்சைப் பிரித்துக் கழுவ வேண்டியிருக்கும். தகட்டில் பொருத்திய நிலையில் செர்ரியைப் பிரிக்க அநேகமாக இடமிருக்காது.

எல்லாக் கீயும் ஒரே அளவில் மந்தம் என்றால் சுவிட்சைச் சந்தேகிக்காதீர்கள். தடித்த பிபிடி பிளாஸ்டிக் கீகேப்பை எடுத்துவிட்டு மெல்லிய ஏபிஎஸ் போட்டிருக்கிறார்களா, கீழே மெத்தை விரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கனமான மர மேசையில் வைத்துத் தட்டினால் பல 'பழுதுகள்' காணாமல் போகும்.

காபி கொட்டிவிட்டது

உடனே கேபிளைப் பிடுங்கி, கவிழ்த்து வையுங்கள். பாலும் சர்க்கரையும் காய்வதற்குள் கழுவ வேண்டும். செர்ரி போர்டைக் கேஸிலிருந்து எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் அலசலாம். பெங்களூர் போர்வெல் தண்ணீர் உப்புப் படிய வைக்கும் என்பதால் கடைசி அலசலுக்காவது அது கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சரியானது. ஆசிட் கலந்ததல்ல என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். மின்விசிறிக்கு எதிரே சாய்த்து இரண்டு முழு நாள், ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஈரக்காற்றில் மூன்று நாள். மாடல் எம்மில் திரவம் மெம்பிரேன் அடுக்குகளுக்குள் புகுந்துவிட்டால் வெளியே காயவைத்துப் பயனில்லை, திறந்தே ஆக வேண்டும்.

சில்லறைத் தொல்லைகள்

ஸ்பேஸ்பார் கடகடத்தால் தாங்கு கம்பியின் இரு முனையிலும் கடுகளவு சிலிகான் கிரீஸ். பழைய கீ டிரானிக் கீபோர்டில் எந்தக் கீயும் வரவில்லை என்றால் உள்ளே நுரைத் திண்டுகள் பொடியாகியிருக்கும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாடல் எஃப்பின் நுரை விரிப்பும் அப்படியே மக்கும். ஸ்பேஸ்பார் மட்டும் மஞ்சளாகி மற்றவை வெளுப்பாக இருந்தால், அது ஏபிஎஸ், மற்றவை பிபிடி. ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் மஞ்சளை எடுக்கும். கையுறை போட்டுச் செய்யுங்கள்.

101 கீ கீபோர்டில் விண்டோஸ் கீ இல்லை என்பதால் தமிழுக்கு மாற விண்டோஸும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்த முடியாது. இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் போதும். விண்டோஸ் கீயே வேண்டும் என்பவர்கள் பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜரில் கேப்ஸ் லாக்கை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் சரி, ஆனாலும் "அது மாதிரி இல்லை"

ஒருவேளை நீங்கள் தேடுவது வேறு கீபோர்டாக இருக்கலாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்து வந்த கைகளுக்கு எம்எக்ஸ் புளூ லேசாகவே தெரியும். அவர்களுக்கு ஐபிஎம் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு பொருந்தும். டிடிபி சென்டரில் பழகியவர்களுக்கு நேர்மாறு, மாடல் எம் ஒரு மணி நேரத்தில் விரலை வலிக்க வைக்கும். சத்தமே இல்லாமல் கெட்டியாக, வழுவழுப்பாக இறங்கியது என்று நினைவிருந்தால், அது செர்ரி எம்எக்ஸ் பிளாக்காக இருந்திருக்கும். அந்த வழுவழுப்பில் ஒரு பங்கு வருடக்கணக்கில் தட்டித் தட்டி வந்தது, புது பிளாக் வாங்கினால் முதல் நாளே கிடைக்காது.

பழையதை வாங்கப் போகும்போது ஒரு ஆக்டிவ் கன்வெர்ட்டரும், கீ சோதிக்கும் பக்கத்தைத் திறந்து வைத்த லேப்டாப்பும் எடுத்துச் செல்லுங்கள். குலுக்கிப் பாருங்கள், ஷிஃப்டையும் என்டரையும் அவற்றின் ஓரத்தில் தட்டிப் பாருங்கள், ஏ, ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ் மூன்றையும் முதலில் சோதியுங்கள். மாடல் எம்மின் அடி லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். கழற்றும் கேபிள் காணாமல் போயிருந்தால் அதற்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த ஆறு முனைக் கேபிள் மற்ற பிஎஸ்/2 கேபிள் போல எந்தக் கடையிலும் தொங்காது.